மட்டை மில்லுல அட்வான்ஸுக்கு அடைபட்டுக் கிடக்கற ஒடிசாக் குடும்பங்க – யாருகிட்டச் சொல்றதுங்க?

ஆழியாத்துக்கரை (ஆனைமலைப் பக்கம்)
ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணு வாரமா மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருக்கற விசயம். ஊட்டுல பேசுனா சண்டை வருது, அதனால இங்க எழுதறனுங்க.

எங்களுது ரோட்டோரத்துல ஒரு மளிகைக் கடை. பகல்ல அம்மா பாத்துக்குவாங்க, பொழுதோட நான். கடைக்குப் பின்னாடி தோப்பு தாண்டி ஒரு மட்டை மில் இருக்குது. தேங்கா மட்டையை மிஷின்ல அடிச்சு நார் எடுத்து, களத்துல காயப் போட்டுக் கட்டுற வேலை. அந்தத் தூசிக்கு உள்ளூர் ஆளுக வர்றதை விட்டு ரொம்ப வருசம் ஆச்சு. போன தீபாவளி கழிச்சு ஒரு ஏஜெண்ட் ஒடிசாவுல இருந்து மூணு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து விட்டான். பெரியவங்க 9 பேரு, பொடுசுக ரெண்டு, அப்பறம் ஒரு புள்ளை. அதுக்குப் பதினாலு வயசு இருக்கும்னு நினைக்கறேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பொம்பளைங்க மட்டும் கடைக்கு வருவாங்க, வாட்ச்மேனும் கூட வருவான். குடும்பத்துக்கு 600 ரூபாய்க்குச் சாமான், மில் கணக்குல எழுதிக்கணும். ஏழு மாசத்துல ஒருத்தர் கையிலயும் நான் ரொக்கம் பாத்ததில்லைங்க. போனு கிடையாது. ஆதார் எல்லாம் ஆபீஸ் பீரோவுல இருக்குதுன்னு வாட்ச்மேனே ஒரு நாள் பேச்சு வாக்குல சொன்னான். தலைக்கு 10,000 அட்வான்ஸ் குடுத்திருக்குதாம், அது கழியற வரைக்கும் ஒருத்தரும் கேட்டைத் தாண்டக் கூடாதாம்.

மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தப் புள்ளையும் கடைக்கு வந்துச்சு. வலது கை நடுவெரல்ல துணி சுத்தி, துணி பூரா ரத்தம் காஞ்சு கருப்பா இருந்துச்சு. மஞ்சத்தூள் பாக்கெட்டைக் காமிச்சுக் கேட்டுச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையான்னு வாட்ச்மேனைக் கேட்டேன். அவன் பொட்டாட்ட நின்னுட்டான். அன்னைக்கு நோட்டுல "மஞ்சத்தூள் 10"ன்னு எழுதுனதுல இருந்து எனக்குத் தூக்கம் புடிக்கறதில்லைங்க.

மில்காரரு எங்கம்மாவுக்கு ஒறம்பரை, எனக்கு மாமன் முறை. ஊருக்குள்ள நல்ல மனுசன், கோயில் நோம்பிக்கு முதல் வரி அவருதுதான். இது ஆள் கடத்தல்ல சேருமா, இல்லை வெறும் கடன் விவகாரமா? யாருகிட்டச் சொன்னா எம்பேரு வெளிய வராம இருக்கும்?

---

பள்ளிபாளையம் தறி
ஞாயிறு, இரவு 10.35

தம்பி, அவசரப்பட்டு ரிப்போர்ட் பண்ணிராதீங்க. அட்வான்ஸ் இல்லாத தொழில் நம்ம பக்கம் எது இருக்குது? எங்க ஊர்ல தறி ஓட்டற ஆளு ஒரு பட்டறையில இருந்து இன்னொரு பட்டறைக்குப் போகணும்னா பழைய பாக்கியைப் புது முதலாளி கட்டித்தான் எடுப்பாரு. எங்கப்பா 12 தறி வெச்சிருந்தாரு. 40,000 வாங்கின ஒரு குடும்பம் ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போச்சு. அந்தக் கடனை எங்கப்பா மூணு வருசம் வட்டி கட்டி அடைச்சாரு. முதலாளின்னாலே கொடுமைக்காரன்னு முடிவு கட்டாதீங்க. அந்தப் புள்ளையோட கையைப் பத்தி மட்டும் அவருகிட்ட நேர்ல போய்ப் பேசுங்க, ஒறம்பரைதானே.

---

கோபி வக்கீல்
ஞாயிறு, இரவு 11.20

நேர்ல போய்ப் பேசாதீங்க. பேசின மறுநாள் அந்த 12 பேரும் அங்க இருக்க மாட்டாங்க.

அட்வான்ஸ் குடுக்கறது குற்றமில்லை. அட்வான்ஸைச் சொல்லி ஆளைப் புடிச்சு வெக்கறதுதான் குற்றம். 1976ஆம் வருசத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாச் சொல்லுது. கடனுக்கு ஈடா ஒருத்தர் கூலி இல்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ வேலை செய்யணும், இல்லைன்னா வேற வேலைக்குப் போக முடியாது, இல்லைன்னா வெளியூர் போக முடியாது. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே போதும். நீங்க எழுதினதுல மூணுமே இருக்குது.

1982ல ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்குல, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்கறதே அரசியலமைப்பு 23ஆம் பிரிவு தடை செஞ்ச கட்டாய உழைப்புதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 1983 டிசம்பர்ல பந்துவா முக்தி மோர்ச்சா வழக்குல இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஒருத்தர் கட்டாயத்துக்கு வேலை செய்யறாருன்னு தெரிஞ்சாலே, வாங்கின முன்பணத்துக்காகத்தான் செய்யறாருன்னு எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி. பத்திரம், கையெழுத்து, சாட்சி எல்லாம் அந்தத் தொழிலாளி கொண்டு வர வேண்டியதில்லை.

ஆள் கடத்தல்ல சேருமான்னு கேட்டீங்க. சேரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 370ஆம் பிரிவு. 2013ல அதைப் புதுசா எழுதினாங்க, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 143. ஏமாத்தியோ, மிரட்டியோ, பணத்தைக் காட்டி இழுத்தோ ஆளைச் சேர்த்துக் கூட்டிட்டு வந்து சுரண்டினா அது ஆள் கடத்தல். கூட்டிட்டு வந்தவன் மட்டும் இல்லை, சுரண்டறதுக்காக வாங்கித் தங்க வெச்சவரும் குற்றவாளி. "அவங்களா ஒத்துக்கிட்டுத்தான் வந்தாங்க"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சம்மதத்தைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு அந்தப் பிரிவுலயே இருக்குது. ஒருத்தருக்கு மேல இருந்தா 10 வருசத்துக்குக் குறையாத தண்டனை.

இன்னைக்கு ராத்திரியே நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அந்த மளிகை நோட்டை ஒவ்வொரு பக்கமாப் போட்டோ எடுத்து வேற ஒரு இடத்துல வெச்சிருங்க. அந்தப் பன்னெண்டு பேரும் எத்தனை மாசம் அங்க இருக்காங்க, வாரத்துக்கு எவ்வளவுல பொழைக்கறாங்கன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்கறது இந்த உலகத்துல உங்க நோட்டு ஒண்ணுதான்.

---

வெள்ளகோவில் அக்கா
திங்கள், காலை 6.10

ஷிப்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி எழுதுதேன். அந்தப் புள்ளையோட வெரலைப் படிச்சதும் கை நடுங்கிப் போச்சு.

எனக்குச் சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம். 2006ல பத்தாவது பெயிலு. அப்பாவுக்குக் கிணத்து வேலையில முதுகு ஒடிஞ்சு கெடந்தாவ. மூணு வருசம் மில்லுல இருந்தா முடிவுல 30,000 முழுசாக் குடுப்பாக, கல்யாணத்துக்கு ஆகும்னு ஒரு அக்கா வந்து சொன்னா. சுமங்கலித் திட்டம்னு நோட்டீஸே அடிச்சிருந்தாங்க. இங்க வந்தப்புறம்தான் அதுக்குக் கேம்ப் கூலின்னு இன்னொரு பேரு இருக்கறது தெரிஞ்சது. தாராபுரம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில். அறுந்த நூலை ஒட்டுற சைடர் வேலை. எட்டு மணி நேரம்னு சொன்னது பன்னெண்டு ஆச்சு. ஆள் பத்தலைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டன் வந்து எழுப்புவாங்க. வீட்டுக்குப் போன் பேசணும்னா வாரத்துல ஒரு நாள், வார்டன் பக்கத்துல நிப்பாங்க. அம்மா கேட்டா "நல்லாருக்கேன்"னு மட்டும்தான் சொல்லணும்.

ரெண்டு வருசம் எட்டு மாசம் ஓட்டினேன். பஞ்சு தூசி நெஞ்சுல இறங்கி மூச்சு விட முடியலை. உடம்பு சரியானதும் வான்னு பஸ் ஏத்தி விட்டாங்க. திரும்பி வந்தா, மூணு வருசம் முடிக்கலை, பணம் கிடையாதுன்னுட்டாங்க. நாலு மாசம் பாக்கி. அந்த முழுப் பணமும் என் சம்பளத்துல மாசா மாசம் புடிச்சு வெச்சதுதானேன்னு கேக்கணும்கற அறிவு அப்ப எனக்கு இல்லை.

நான் சொல்ல வந்தது வேற. நாங்க இருந்தப்ப ரெண்டு தடவை ஆபீசருங்க சோதனைக்கு வந்தாங்க. 18 வயசுக்குக் கீழ இருந்தவங்களை அன்னைக்குக் காலையிலேயே மில் பஸ்ல ஏத்திக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிச்சப் பேரை வரிசையா நிக்க வெச்சு, சூப்பர்வைசர் பக்கத்துல நிக்க, "ஏதாவது குறை இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. யாரு வாயைத் தொறப்பா? ராத்திரி அதே ஹாஸ்டல்லதானே படுக்கணும். தம்பி, அந்தப் புள்ளைக்காக யாரு வந்தாலும் சரி, முதலாளி ஆளு இல்லாத இடத்துல, தனியா, ஒரு பொம்பளை ஆபீசர்தான் பேசணும்னு சொல்லுங்க. அது நடக்கலைன்னா வந்தது வராததுக்குச் சமம்.

---

ஈரோடு ஜங்ஷன்
திங்கள், மதியம் 1.15

ஸ்டேஷன்ல பத்து வருசமா வேலை. தன்பாத் – ஆலப்புழா வண்டி பலாங்கீர், டிட்லாகர் வழியா வந்து சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர்னு நம்ம சீமை முழுக்க ஆளை எறக்கிட்டுப் போகும். யாரு சொந்தமா வேலை தேடி வர்றவங்க, யாரை ஒருத்தன் ஓட்டிட்டு வர்றான்னு பாத்தாலே தெரிஞ்சு போகும். சொந்தமா வர்றவங்க எறங்கினதும் போனை எடுப்பாங்க. ஓட்டிட்டு வர்றவங்க பிளாட்பாரத்துல உக்காந்து ஒரே ஆளோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. எல்லார் டிக்கெட்டும் அவன் பையிலதான் இருக்கும்.

ரயில்வே பாதுகாப்புப் படை 2022ல ஆள் கடத்தலுக்குன்னே ஒரு நடவடிக்கை ஆரம்பிச்சுது, வண்டியிலயே புடிக்கறாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு அமைக்க நிர்பயா நிதியில இருந்து மத்திய அரசு பணம் ஒதுக்குச்சு. 2014ல காஜியாபாத்ல ஆரம்பிச்ச ஆபரேஷன் ஸ்மைல், மறு வருசமே நாடு பூரா வந்துச்சு. காணாமப் போன எத்தனையோ பொடுசுகளை அதுல வீடு சேர்த்திருக்காங்க, அதை நான் மதிக்கறேன். ஆனா ஒரு பையனை ரெண்டு வருச இடைவெளியில ரெண்டு தடவை இதே பிளாட்பாரத்துல மீட்டதை நான் கண்ணாலப் பாத்தேன். ரெண்டு தடவையும் கணக்குல ஒரு மீட்புன்னு ஏறியிருக்கும். அவன் ஊர்ல அந்தக் கடன் அப்படியே இருந்திருக்குது.

புள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098ல கூப்பிடுங்க. உங்க பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை.

---

பள்ளிபாளையம் தறி
திங்கள், இரவு 9.05

அக்கா எழுதினதை நாலு தடவை படிச்சேன். நேத்து நான் எழுதினது தப்பு. அழிக்காம விடறேன், நான் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

இதையும் சொல்லிடறேன். 2025 ஜூலையில எங்க ஊர்ச் சிறுநீரக விற்பனை விவகாரம் பத்திரிகையில வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டுச்சே, அது ஏதோ திடீர்னு வந்த கொள்ளை நோய் இல்லை. தறி நின்னா வாரக்கூலி நிக்கும். குழுக் கடன்காரங்க ஊட்டு வாசல்ல உக்காருவாங்க. பட்டறைப் பாக்கி ஒரு பக்கம். அந்த நேரம் பாத்து ஒரு புரோக்கர் வருவான். எங்க வீதியிலயே இடுப்புல தழும்போட ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தர் எங்கப்பாகிட்ட ஓட்டினவர். பாக்கி பாக்கின்னு நாங்க பேசினது எங்க போய் முடியுதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் ஒறைச்சுது. வக்கீல் சார், உடலுறுப்பை எடுக்கறதும் அதே 143ல வருமா?

---

கோபி வக்கீல்
திங்கள், இரவு 9.40

வரும். கட்டாயப்படுத்தி உறுப்பை எடுக்கறது சுரண்டல்ங்கற சொல்லுக்குள்ளேயே இருக்குது. அதோட 1994ஆம் வருச உறுப்பு மாற்றுச் சட்டமும் சேரும். ஆனா அந்தச் சட்டத்துல வித்தவருக்கும் தண்டனை உண்டு. அந்தப் பயத்துலதான் வித்தவங்க புகார் குடுக்க வர்றதில்லை.

---

ஆழியாத்துக்கரை
வியாழன், இரவு 8.30

1098க்குச் செவ்வாக்கிழமை காலையில கூப்பிட்டேனுங்க. பொறுமையாக் கேட்டாங்க. புள்ளை எத்தனை மணிக்கு வெளிய வருது, மில்லுக்கு எத்தனை வழின்னு எல்லாம் கேட்டாங்க. என் பேரைக் கேக்கலை.

ஆனா தகவல் எங்கயோ கசிஞ்சிருச்சு. எங்கிருந்துன்னு எனக்குத் தெரியாது, தெரியாம யாரையும் சொல்ல மாட்டேன். செவ்வாய் பொழுதோட மில்லுல இருந்து ஒரு ஆம்னி வேன் போச்சு. புதன்கிழமை அதிகாரிகள் வந்தப்ப அந்தப் புள்ளை அங்க இல்லை. அப்படி ஒரு புள்ளையே கிடையாதுன்னு மாமன் சொல்லியிருக்காரு. பெரியவங்ககிட்ட மேஸ்திரியை வெச்சுத்தான் பேசுனாங்களாம். சந்தோசமா இருக்கறோம்னு சொன்னாங்கன்னு மேஸ்திரி தமிழ்ல சொல்லியிருக்கான்.

அந்தப் புள்ளையோட அம்மா இன்னைக்குக் கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லைங்க. வாட்ச்மேன் வண்டிக்குக் காத்தடிக்கப் போன நேரம் பாத்து ஓடி வந்து, என் கையைப் புடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லுது. எனக்கு ஒரு வார்த்தை புரியலை. நான் பண்ணினதாலதான் புள்ளையைத் தூக்கிட்டுப் போனாங்க. இதை நான் எப்படிச் சரி பண்ணுவேன்?

---

கோபி வக்கீல்
வியாழன், இரவு 9.00

நீங்க பண்ணினதால இல்லை. வேன்ல ஏத்தினவங்க பண்ணினது. இப்ப அது உங்க மாமனுக்கு எதிரா இன்னொரு குற்றம் ஆச்சு.

நாளைக்கே பொள்ளாச்சி சார் ஆட்சியருக்கு நேரடியா மனு, நகல் கலெக்டருக்கும் மாவட்ட எஸ்.பி.க்கும். தாலுகா வழியாப் போக வேண்டாம். நான் எழுதித் தர்றேன், என் பேர்ல போகட்டும். நோட்டோட படங்களை இணைக்கலாம், கடை பேரை மறைச்சிருவோம். வழக்குன்னு வந்தா நோட்டு கோர்ட்டுக்குப் போகும், அப்ப நீங்க சாட்சி சொல்ல வேண்டி வரும். இதை மறைக்காம இப்பவே சொல்லிடறேன். யோசிச்சுச் சொல்லுங்க.

மொழி தெரிஞ்ச, மில்லுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளு உடனே வேணும். யாராச்சும் இருக்கீங்களா?

---

பெருமாநல்லூர் டீச்சர்
வியாழன், இரவு 9.25

நான் வர்றேன். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களோட பசங்களுக்கு ஆறு வருசமா வகுப்பு எடுக்கறேன். ஒடியா பேசுவேன். மேற்கு ஒடிசாக்காரங்கன்னா சம்பல்புரி பேசுவாங்க, அதுவும் ஓரளவுக்குப் புரியும்.

ஒரு விசயம் சொல்லணும். பலாங்கீர், நுவாபடா, கலாகண்டிப் பக்கம் இதுக்கு "தாதன்"னு பேரு. நுவாகாய்னு புது நெல் சாப்பிடற நோம்பி ஆவணி புரட்டாசி வாக்குல வரும். நோம்பிச் செலவுக்குக் கையில காசு இருக்காது. சர்தார்னு சொல்ற ஏஜெண்ட் அப்பப் பாத்து முன்பணம் குடுப்பான். தீபாவளி முடிஞ்சதும் செங்கல் சூளைக்கோ வேற எங்கயோ குடும்பத்தோட வண்டி ஏறணும். தீபாவளி கழிச்சு வந்தாங்கன்னு நீங்க எழுதினதும் எனக்கு அதுதான் தோணுச்சு. எங்க போறோம்னு தெரியாமலே வந்திருப்பாங்க. "சந்தோசமா இருக்கோமா"ன்னு கேட்டா பதில் வராது. "இப்ப ஊருக்குப் போறேன்னா விடுவாங்களா"ன்னு கேக்கணும்.

---

நார்க்களம் (பொள்ளாச்சி)
வெள்ளி, காலை 7.45

நானும் மட்டை மில்தான் வெச்சிருக்கேன். வடக்கத்தி ஆளுங்க 26 பேரு. சம்பளம் பேங்க்ல போகுது, ஈ.எஸ்.ஐ. உண்டு, போன் அவங்கவங்க கையில. தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போறாங்க, முக்கால்வாசிப் பேரு திரும்பி வர்றாங்க. பூட்டி வெச்சாத்தான் தொழில் ஓடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா என் பங்கையும் ஒத்துக்கறேன். ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுத்துத்தான் நாங்க ஆளு எடுக்கறோம். அவன் ஊர்ல அவங்களுக்கு என்ன சொன்னான், எவ்வளவு கடன் குடுத்தான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. 1979லயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்து, ஆளு கூட்டிட்டு வர்ற காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், போக வரச் செலவு தரணும்னு சொல்லியாச்சு. எங்ககிட்ட வர்ற ஏஜெண்டுல எத்தனை பேரு லைசென்ஸ் வெச்சிருக்கான்? நேத்து ராத்திரி என் ஆளுங்களைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தராக் கேட்டேன். நாலு பேரு இன்னும் ஊர்ல ஏஜெண்டுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. என்கிட்ட ரெண்டு வருசமா வேலை செய்யறாங்க. எனக்குத் தெரியாது.

---

சரவணம்பட்டி
வெள்ளி, காலை 11.30

வடக்கத்தி ஆளுங்களுக்கு மட்டும் நடக்கறதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். என் கூட இன்ஜினியரிங் படிச்சவன் தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு போனான். எல்லையில இருக்கற மே சோட்ல ஆத்தைத் தாண்டி மியான்மருக்குள்ள கொண்டு போய், பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கிட்டு ஆன்லைன் மோசடி பண்ண வெச்சாங்க. மாட்டேன்னதுக்கு, உன்னை வாங்கின காசைக் கட்டிட்டுப் போன்னு சொன்னாங்களாம். 2022 அக்டோபர்ல 13 தமிழ்ப் பசங்களை மீட்டு வந்தாங்க. 2025 மார்ச்ல விமானப்படை விமானத்துல ரெண்டு நாள்ல 549 இந்தியர்களைக் கொண்டு வந்தாங்க. மட்டை மில் பீரோவுல ஆதார், அங்க பாஸ்போர்ட். படிச்ச படிப்பு ஒண்ணும் காப்பாத்தலை.

---

ஆழியாத்துக்கரை
வெள்ளி, இரவு 10.10

வக்கீலண்ணா, சாட்சி சொல்றேனுங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அழுதாங்க. ஒறம்பரையில ஒரு நல்லது கெட்டதுக்கு இனி யாரும் கூப்பிட மாட்டாங்கன்னாங்க. அப்பறம் அவங்களே போயி பழைய நோட்டு ரெண்டைப் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்து என் முன்னால வெச்சாங்க. அதுல இதே மில்லுக்கு மூணு வருசத்துக்கு முன்னாடி வந்து போன இன்னொரு குடும்பத்தோட கணக்கு இருக்குது. நான் அப்பக் காலேஜுல இருந்தேன், எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது.

---

ஆழியாத்துக்கரை
அடுத்த வியாழன், அதிகாலை 2.40

இப்பத்தான் ஊட்டுக்கு வந்தனுங்க. தூக்கம் வராது, எழுதிடறேன்.

புதன்கிழமை காலையில 6 மணிக்கு சார் ஆட்சியரே நேர்ல வந்தாங்க. போலீஸ், தொழிலாளர் துறை, குழந்தைகள் நலத்துக்கு ஒரு அம்மா, பெருமாநல்லூர் டீச்சர். மேஸ்திரியைக் கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. டீச்சர் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாத் தென்னமரத்தடியில உக்கார வெச்சுப் பேசுனாங்க. மூணு மணி நேரம். அந்த அம்மா அன்னைக்கு என் கையைப் புடிச்சுச் சொன்னது என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. "எம் புள்ளைக்குக் கைக்கு மருந்து வாங்கிக் குடுத்தது நீதான், அதை எங்க கொண்டு போனாங்கன்னு கேட்டுச் சொல்லு"ன்னு சொல்லியிருக்குது. மருந்து வாங்கிக் குடுக்கலைங்க நானு. 10 ரூபாய்க்கு மஞ்சத்தூள் எழுதினேன், அவ்வளவுதான்.

மத்தியானம் ஒரு இழுபறி. கணக்குப் பாத்துக் கூலி பாக்கியை வாங்கிக் குடுத்து எல்லாரையும் ரயில் ஏத்தி விட்டுரலாம், பிரச்சனை முடிஞ்சுதுன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. மாமனும் பணத்தோட ரெடியா நின்னாரு. வக்கீலண்ணன் ஒரே புடியா, விடுதலைச் சான்று கையில வராம ஒருத்தரும் நகர மாட்டாங்கன்னு நின்னுட்டாரு. அந்தக் காகிதம் இல்லைன்னா, இவங்க சட்டத்தோட கண்ணுல கொத்தடிமையா இருந்ததே இல்லை, ஊர்ல அந்த ஏஜெண்ட் பழைய கடனைக் கேட்டு வருவான், போறதுக்கு வழி இருக்காதுன்னு அவரு சொன்னப்பத்தான் எனக்கே முழுசா வெளங்குச்சு. கடன் ரத்துங்கறது சட்டத்துலயே இருக்குதாம். அதுக்கப்பறமும் அந்தக் கடனை எவனாவது வசூல் பண்ணினா அவனுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில்.

விசாரணையை எழுதி முடிச்சு, ராத்திரி 11 மணிக்கு 11 பேருக்கும் சான்று குடுத்தாங்க. சார் ஆட்சியர் கையெழுத்து, போட்டோ ஒட்டினது. ஒருத்தர் அதை மடிக்கவே பயந்துக்கிட்டு ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு இருந்தாரு. கடையில இருந்து பிளாஸ்டிக் கவர் கொண்டு போய்க் குடுத்தேன். ஆதாரெல்லாம் பீரோவுல இருந்து எடுத்தாச்சு. மளிகை நோட்டு மூணும் போலீஸ் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

புள்ளை உடுமலைப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில இருந்துச்சு. ஏஜெண்டைப் புடிச்ச அரை மணி நேரத்துல எடம் சொல்லிட்டான். பொழுதோட கூட்டிட்டு வந்தாங்க. வெரல் சீழ் வெச்சு வீங்கிப் போயிருக்குது, கோயம்புத்தூர்ப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. மேல் கணு போயிரும்னு டாக்டர் சொல்றாங்க.

---

கோபி வக்கீல்
வியாழன், காலை 8.15

சான்று வெச்சு உடனடி உதவி ஆளுக்கு 30,000 வரைக்கும் கேக்கலாம், அதுக்கு இன்னைக்கு மனு போடறேன். மறுவாழ்வுத் தொகை ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடுமையான கொடுமைன்னா 3 லட்சம். ஆனா அது வழக்கு முடிஞ்சு கொத்தடிமைன்னு நிலைநாட்டினாத்தான் வரும். அங்கதான் எல்லாம் நின்னு போகுது. சாட்சிங்க 1,500 கிலோமீட்டருக்கு அப்பால போயிருவாங்க, சம்மன் போய்ச் சேராது, வழக்கு தள்ளிக்கிட்டே போகும். நாடு முழுக்க 2022ல ஆள் கடத்தல்னு பதிவானதே 2,250 வழக்குத்தான். இத்தனை பெரிய நாட்டுல இந்த ஒரு கிராமத்துக்கே மூணு வருசத்துல ரெண்டு வழக்கு வந்திருக்கணும்.

தனியா ஒரு முழுச் சட்டம் வேணும்னு 2018ல மசோதா மக்களவையில நிறைவேறுச்சு. மாநிலங்களவையில நிறைவேறாமலே 2019ல காலாவதி ஆச்சு. 2021ல இன்னொரு வரைவு வெச்சாங்க, அதுவும் சட்டம் ஆகலை. வர்ற வரைக்கும் கையில இருக்கற 1976ஐ வெச்சுத்தான் ஓட்டணும். அதுக்காகத்தான் பெரியவங்க எல்லார் வாக்குமூலத்தையும் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மாஜிஸ்ட்ரேட் முன்னால பதிஞ்சிரணும்னு பாக்கறேன். நாளைக்கு நேரம் கேட்டிருக்கேன். டீச்சர், நாளைக்கும் வர முடியுங்களா?

---

பெருமாநல்லூர் டீச்சர்
வியாழன், காலை 8.50

லீவு போட்டாச்சு, வர்றேன். அவங்க ஊர் மாவட்டத் தொழிலாளர் அதிகாரிக்கும் பஞ்சாயத்துக்கும் சான்று நகலை அனுப்பணும். அடுத்த நுவாகாய்க்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்குது.

---

பள்ளிபாளையம் தறி
வியாழன், மதியம் 12.20

வக்கீல் சார், எங்க ஊர்ப் பட்டறைப் பாக்கிக்கும் இந்தச் சான்று கிடைக்குமா? நான் சொன்னேனே, தழும்போட இருக்கறவர், அவரைக் கூட்டிட்டு வந்தா மனு எழுதித் தருவீங்களா? எங்கப்பா பேர் அதுல வந்தாலும் பரவாயில்லை.

---

கோபி வக்கீல்
வியாழன், மதியம் 12.40

சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவரு வாங்கின துண்டுச் சீட்டு ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

---

வெள்ளகோவில் அக்கா
வியாழன், இரவு 7.30

அந்தப் புள்ளை இப்ப யாரு கூட இருக்குது? அம்மாவைக் கூட இருக்க விட்டிருக்காங்களா? நான் போய்ப் பாக்கலாமா தம்பி? எனக்கு அவ பாஷை தெரியாது. சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்.

---

ஆழியாத்துக்கரை
வியாழன், இரவு 8.05

அம்மா கூடத்தான் இருக்குதுங்கக்கா. அந்த மூணு குடும்பமும் புள்ளை இல்லாம வண்டி ஏற மாட்டோம்னு பொள்ளாச்சியிலேயே இருக்காங்க. பாக்கறதுக்குக் குழந்தைகள் நலக் குழுகிட்ட அனுமதி கேட்டோம், ஞாயித்துக்கிழமை காலையில 10 மணிக்குச் சரின்னுட்டாங்க. டீச்சரும் எங்கம்மாவும் வர்றாங்க. நீங்க வெள்ளகோவில்ல இருந்து வந்தா சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நில்லுங்க, நான் வண்டி கொண்டு வந்து கூட்டிக்கறேன்.